பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்: முதல்முறை நுகர்வோர் புகார் கொடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் "கம்பெனியிடம் பேசுங்க" என்கிறார். கஸ்டமர் கேரில் "டெக்னீஷியன் வருவார்" என்கிறார்கள். வந்தவர் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், வோல்டேஜ் பிரச்சினை, வாரண்டியில வராது" என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார். இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் முணுமுணுத்தபடி பணத்தைக் கட்டிச் சரிசெய்துகொள்கிறோம். இல்லையென்றால் முகநூலில் நாலு வரி கொட்டிவிட்டு ஆறிப்போகிறோம்.

முறையாகப் புகார் கொடுக்கும் வழியும் இருக்கிறது. பணச் செலவு குறைவு, பொறுமைதான் கொஞ்சம் வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆனால் அடிப்படைச் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்தியா முழுவதற்கும் பொது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

எதையும் தொடங்குவதற்கு முன் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில், அதாவது மக்கள் "நுகர்வோர் கோர்ட்" என்று சொல்லும் இடத்தில், புகார் பதிவாகிவிட வேண்டும். கம்பெனியோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டுவது, உதவி எண்ணுக்கு அழைப்பது, பதிலுக்குக் காத்திருப்பது எதுவும் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம்தான், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. "பார்க்கிறோம் சார், மேலே அனுப்பியிருக்கிறோம்" என்று இழுத்தடிக்கப்பட்டே 2 ஆண்டைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்தத் தேதியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

நீங்கள் சட்டப்படி நுகர்வோரா?

காசு கொடுத்துப் பொருளோ சேவையோ வாங்கியவர் நுகர்வோர். முழுப் பணமும் கட்டியிருக்க வேண்டியதில்லை, தவணையில் வாங்கினாலும் சரி. உங்கள் அனுமதியோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மகன் சென்னையிலிருந்து ஆன்லைனில் வாங்கி அனுப்பிய மிக்ஸி திருநெல்வேலியில் அம்மா கையில் பழுதானால், அம்மாவே புகார் கொடுக்கலாம்.

வாங்கி விற்பதற்காகவோ வியாபாரத்துக்காகவோ வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உதவாது. அதிலும் விலக்கு உண்டு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருள் என்றால் நீங்கள் நுகர்வோரே: ஒரு தையல் மெஷின் வைத்து வீட்டிலேயே தைப்பவர், ஒரே ஆட்டோவைத் தானே ஓட்டுபவர் இப்படி. முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் சேவையும் வெளியேதான். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியாது. தனியார் மருத்துவமனையை முடியும், 1995-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. வக்கீல்கள் மட்டும் தப்பித்துக்கொண்டார்கள். அவர்களின் தொழில் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலில் காகிதம் சேருங்கள்

புகார் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் சட்டம் காரணமாக இருப்பதில்லை. கையில் காகிதம் இல்லாததுதான் காரணம். பில்லிலிருந்து தொடங்குங்கள். இப்போது பல கடைகளில் தரும் பில் வெப்பத்தாளில் அச்சடித்தது, சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைத்துவிடுங்கள். கடைக்காரர் பில் தர மறுத்தால் அதுவே நியாயமற்ற வணிக முறை, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. "ஜிஎஸ்டி இல்லாமல் வேண்டுமா?" என்ற கேள்விக்குத் தலையாட்டும்போது, மிச்சமாகும் ரூபாய்க்காக உங்கள் முதல் ஆதாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

பில் தொலைந்துவிட்டது என்றால் முடிந்துபோகவில்லை. கார்டில் கட்டியிருந்தால் வங்கி அறிக்கை, யுபிஐயில் கட்டியிருந்தால் பரிவர்த்தனை எண், ஆர்டர் உறுதி செய்து வந்த எஸ்எம்எஸ், கடை முத்திரை போட்ட வாரண்டி அட்டை என்று இவற்றில் ஏதாவது கைகொடுக்கும்.

அடுத்தது ஜாப் ஷீட். சர்வீஸுக்கு வருபவர் என்ன பழுது, என்ன செய்தார் என்று எழுதும் தாள். பலரும் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நகல் கேளுங்கள், தராவிட்டால் போட்டோ எடுங்கள். "வோல்டேஜ் பிரச்சினை" என்று வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் காரணம் மாறுவதும் உண்டு. இன்னொன்று, வேலை முடிந்ததாகக் காட்ட உங்கள் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள். பழுது உண்மையில் சரியாகும்வரை அதைக் கொடுக்காதீர்கள். கொடுத்த அந்த நொடியில் கம்பெனியின் கணினியில் "புகார் தீர்க்கப்பட்டது" என்று பதிவாகிவிடும், பிறகு அதை மாற்றப் போராட வேண்டும்.

மருத்துவமனை விவகாரம் என்றால் சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நர்ஸ் குறிப்புகள், மருந்துப் பட்டியல், ஒப்புதல் படிவம் எல்லாம் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு தாளில் தேதிவாரியாக நடந்ததை எழுதத் தொடங்குங்கள். "12-ஆம் தேதி காலை அழைத்தேன், புகார் எண் இது, பேசியவர் இன்னார், சொன்னது இது" என்ற அளவில் போதும். இந்தத் தாள்தான் பின்னால் ஆணையத்துக்குக் கொடுக்கும் புகாராக வளரப்போகிறது.

கம்பெனிக்கு ஒரு கடிதம்

கஸ்டமர் கேரோடு போனில் பேசிக் களைத்த பிறகு எழுத்துக்கு மாறுங்கள். கடைக்கு ஒன்று, தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒன்று. நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். இணைய வணிகத் தளங்களுக்கு 2020-ஆம் ஆண்டு விதிகள்படி அது கட்டாயம். புகார் கிடைத்ததை அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நீங்களே எழுதலாம்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். "உங்களைப் போன்ற மோசடிப் பேர்வழிகள்" என்று ஒரு வரி இருந்தால், படிக்கும் எல்லோருக்கும் அந்த வரிதான் கண்ணில் படும். இந்த மாதிரி எழுதினால் போதும்:

"ஐயா, தங்கள் நிறுவனத்தின் இந்த மாடல் குளிர்சாதனப் பெட்டியை, இந்தக் கடையில், இந்தத் தேதியில், பில் எண் இதன்படி ரூ. 28,500 கொடுத்து வாங்கினேன். கம்ப்ரஸருக்கு 10 ஆண்டு வாரண்டி என்று வாரண்டி அட்டையில் உள்ளது. இந்தத் தேதியிலிருந்து பெட்டி குளிரவில்லை. இந்தப் புகார் எண்களில் மூன்று முறை பதிவு செய்துள்ளேன். தங்கள் சர்வீஸ் ஊழியர் மின்னழுத்த மாறுபாட்டைக் காரணம் காட்டி இலவசமாகச் சரிசெய்ய மறுத்துவிட்டார். அதற்கான சோதனை எதுவும் செய்யப்படவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கம்ப்ரஸரை இலவசமாக மாற்றித் தரவும், அல்லது பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். இணைப்பு: பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட் நகல்கள்."

என்ன வாங்கினேன், என்ன ஆயிற்று, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும். இதற்கு மேல் தேவையில்லை. "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக முடிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று சொல்லிவிட வேண்டும். எதிரில் இருப்பது வெளிமாநில நிறுவனம் என்றால் தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதி ஒன்றும் வைத்துவிடுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருக்கிறதே என்று கேட்பீர்கள். பழுதான பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதைச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. பொருளில் குறையில்லை, நிறம்தான் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. அது கடைக்காரரின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

1915

கடிதத்துக்குப் பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் பதியலாம், அவர்களின் இணையதளமும் செயலியும் உண்டு. முடிந்தால் இணையதளத்தில் பதியுங்கள், பில்லையும் கடிதத்தையும் அங்கேயே இணைக்கலாம்.

இது என்ன செய்யும், என்ன செய்யாது என்று புரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. 1915 நீதிமன்றம் இல்லை. உங்கள் புகாரைச் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வாங்கித் தருவார்கள். பல பெரிய நிறுவனங்கள் இந்த அமைப்போடு நேரடியாக இணைந்திருப்பதால், அங்கிருந்து வரும் புகாரை மேல்மட்டத்தில் ஒருவர் பார்ப்பார். ரீஃபண்ட் வரவில்லை, டெலிவரி ஆகவில்லை, கேன்சல் செய்த டிக்கெட் பணம் நிற்கிறது போன்ற நேரடி விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு. தெருமுனைக் கடை, உள்ளூர் கான்ட்ராக்டர் என்றால் அவ்வளவாக நம்பிக்கை வைக்க முடியாது, அவர்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் உதவி மையத்துக்குக் கிடையாது. அங்கே கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். நீங்கள் நியாயமாக முயன்றீர்கள் என்பதற்கு அது பின்னால் சாட்சி.

ஒரு எச்சரிக்கை. கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், யுபிஐ பின் கேட்பார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. அப்படிப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-ஐ அழைத்துவிட்டு வங்கிக்கும் தெரிவியுங்கள். அது சைபர் குற்றம், நுகர்வோர் புகாருக்கான நிதானம் அங்கே உதவாது.

துறைக்கு ஒரு கதவு

எல்லாப் பிரச்சினைக்கும் நேரே நுகர்வோர் ஆணையத்துக்கு ஓட வேண்டியதில்லை. சில துறைகளில் கட்டணமில்லாத, சற்று வேகமான கதவு இருக்கிறது.

வங்கி, கிரெடிட் கார்டு, டிஜிட்டல் பணப்பரிமாற்றம் என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர். 2021 நவம்பர் முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம், ஒரே இணையதளம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், 30 நாட்கள் பதில் இல்லை அல்லது மறுத்துவிட்டார்கள் என்ற பிறகுதான் இங்கே வர முடியும். பலரின் மனு தள்ளுபடியாவது இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்ததால்தான். கிளை மேலாளரிடம் நேரில் புலம்பியது கணக்கில் வராது.

இன்சூரன்ஸ் க்ளெய்ம் நிராகரிப்பும் ஏறக்குறைய இதே பாதைதான். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர், அடுத்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண் அல்லது பீமா பரோசா தளம், அப்புறம் இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "முன்பே இருந்த நோய்" என்ற ஒரே வாக்கியத்தில் மறுக்கப்பட்ட க்ளெய்ம்களை அப்படியே விழுங்கிவிட வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். ஒரே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டால் ஒம்புட்ஸ்மன் எடுத்துக்கொள்ள மாட்டார். முதலில் அவர், தேவைப்பட்டால் பிறகு ஆணையம்.

மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. மின்தடைக்கு மட்டுமல்ல, பில் குளறுபடிக்கும் பதியலாம். தீராவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இருக்கும் குறைதீர்க்கும் மன்றத்தில் மனு கொடுங்கள். அதற்கு மேல் சென்னையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் இருக்கும் மின்குறை தீர்ப்பாளர். இந்த மன்றம் இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. உதவிப் பொறியாளர் அலுவலகத்திலேயே சுற்றிச் சுற்றி வருவார்கள்.

மொபைல், இணைய இணைப்பு என்றால் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்த வழியும் திறந்தே இருக்கிறது.

எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால், எடை குறைந்தால் தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது அவர்கள்தான், மாவட்டந்தோறும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் உண்டு. உணவில் பூச்சி, காலாவதியான பாக்கெட், சுகாதாரக் கேடு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. படத்தோடு, கடையின் பெயர், இடம், நேரம், பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உரிம எண் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். ரேஷன் கடைக்கு 1967, அல்லது 1800 425 5901.

தங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பே அதில்தான் போய் உட்காருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஆறு இலக்க எச்யுஐடி எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நகை, என்ன தரம், எங்கே சோதித்தது என்று தெரியும். செயலி "மோதிரம்" என்று காட்டி, உங்கள் கையில் வளையல் இருந்தால் கடையிலேயே கேட்டுவிடுங்கள். ஹால்மார்க் முத்திரைக்குக் குறைவான தரம் என்று சோதனையில் தெரிந்தால், தூய்மை எவ்வளவு குறைந்ததோ அந்த வித்தியாசத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குச் சேர வேண்டும் என்று விதி சொல்கிறது.

வீடு, மனை வாங்கியதில் தகராறு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், நுகர்வோர் ஆணையம் இரண்டில் உங்களுக்குத் தோதான ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விஷயம் பெரிது, தொகையும் பெரிது. இங்கே மட்டும் வக்கீலைக் கலந்துகொள்ளாமல் இறங்காதீர்கள்.

பொய் விளம்பரம் பற்றியது என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம், மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். முதல்முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் கைக்கு நஷ்டஈடு வாங்கித் தருவது அதன் வேலை இல்லை.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால், அல்லது 2 ஆண்டு நெருங்குகிறது என்றால், இங்கே வாருங்கள். பழைய பழக்கத்தில் மக்கள் "நுகர்வோர் கோர்ட்" என்றே சொல்கிறார்கள். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடிவரை மாநில ஆணையம், அதற்கும் மேல் டெல்லியில் தேசிய ஆணையம். கணக்கில் எடுப்பது நீங்கள் கட்டிய விலையை மட்டும்தான், கேட்கும் நஷ்டஈட்டை இல்லை. விலை 5 லட்சம்வரை என்றால் பதிவுக் கட்டணமே கிடையாது. 10 லட்சம்வரை 200 ரூபாய். அந்த 28,500 ரூபாய் ஃப்ரிட்ஜுக்குக் கட்டணம் பூஜ்யம்.

எந்த ஊரில் போடுவது? முன்பு இது பெரிய தலைவலி. 2019 சட்டத்தில் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று வந்துவிட்டது. கம்பெனி குருகிராமில் இருக்கட்டும், நீங்கள் தருமபுரியில் இருந்தால் தருமபுரியில்தான் வழக்கு. "தகராறுகள் நடுவர் முன்தான் தீர்க்கப்படும்" என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதையும் முடித்துவைத்தது.

புகார் மனுவில் உங்கள் பெயர், முகவரி, எதிர்த் தரப்பினரின் பெயர், முகவரி, தேதிவாரியாக நடந்தது, எதைக் குறைபாடு என்கிறீர்கள், என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்பவை இருக்க வேண்டும். கூடவே, சொன்னதெல்லாம் உண்மை என்ற பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் நகல், அவற்றுக்கு ஒரு பட்டியல். எதிர்த் தரப்பில் கடையையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே போடுங்கள். ஆன்லைனில் வாங்கியது என்றால் தளம், பில்லில் இருக்கும் விற்பனையாளர் இருவரையும். ஒருவரை விட்டுவிட்டால், வந்து நிற்பவர் விட்டுப்போனவரைக் கைகாட்டுவார்.

பரிகாரம் கேட்பதில் அளவு வேண்டும். பொருளின் விலை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பழைய ஃப்ரிட்ஜை வைத்துக்கொண்டு 10 லட்சம் கேட்டால் உங்கள் மற்ற வாதங்களின் கனமும் குறையும். கூடுதலாக ஏற்பட்ட செலவுக்குக் காகிதம் இருந்தால் அதையும் சேருங்கள்.

நேரில் போய்ப் பதியலாம், இணையத்திலும் பதியலாம். 2020 முதல் இருந்த இ-தாக்கில் தளத்தின் இடத்தில் 2025 ஜனவரியில் இ-ஜாக்ரிதி வந்திருக்கிறது. கணக்கு தொடங்கி, மனுவையும் ஆவணங்களையும் பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். இணையத்தில் ஏற்றிய பிறகும் அச்சுப் பிரதி கேட்கலாம் என்பதால், எதிர்த் தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஆணையத்துக்கு என்று செட் செட்டாக எடுத்து வைத்திருங்கள். முதல்முறை என்றால் மாவட்ட ஆணைய அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. மனுவில் பக்க எண் இல்லை, கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பது போன்ற சின்னக் குறைகளை அங்கே இருப்பவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். மனுவை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஏற்றால் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. வாய்தா கேட்டு இழுக்கும் நிறுவனத்திடம் இது உங்களுக்கு நல்ல ஆயுதம். நடுவில் சமரசத்துக்கு வாய்ப்பு இருந்தால் இருவரின் சம்மதத்தோடு சமரச மையத்துக்கு அனுப்புவார்கள். நியாயமான தொகை என்றால் ஏற்றுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் பணம் கைக்கு வருமுன் "முழுத் தீர்வு பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழுதை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால் ஆணையமே சோதனைக்கு அனுப்பும், கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேல் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள். வீடியோ வழி விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கூட நிற்க யார் இருக்கிறார்கள்?

தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் ஆள் கிடைப்பார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். உங்கள் பகுதியில் எந்த நுகர்வோர் அமைப்பு உண்மையில் இயங்குகிறது என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். சென்னையில் 1985 முதல் இயங்கும் சிஏஜி (சிட்டிசன் கன்ஸ்யூமர் அண்ட் சிவிக் ஆக்‌ஷன் குரூப்) நுகர்வோர் விவகாரங்களில் அனுபவமுள்ள அமைப்பு. சில ஊர்களில் "நுகர்வோர் சங்கம்" என்று லெட்டர்பேட் அடித்துக்கொண்டு, கடைக்காரரிடம் பேரம் பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் உண்டு. வாங்கித் தரும் தொகையில் பங்கு கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

வக்கீல் வேண்டும், ஆனால் வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். வீட்டுக்காக வாங்கிய பொருள் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் அவர்களே புகார்தாரராக இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்த பிறகு

உங்களுக்குச் சாதகமாக வந்தால் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, அதில் சொன்ன காலம் முடியும்வரை காத்திருங்கள். எதிர்த் தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். சிறிய தொகை வழக்குகளில் பல நிறுவனங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும். தோற்றது நீங்கள் என்றால் உங்களுக்கும் அதே 45 நாள்தான். மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது, தென்மாவட்டங்களுக்கு மதுரையில் ஒரு கிளை அமர்வு உண்டு.

மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால், உத்தரவிட்ட அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்ற முடியும். அதோடு, உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 72-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் கீழும் தனியாக ஒரு மனு கொடுங்கள்.